தனுஷ்கோடிக் கடலுக்கு அடியில் சுரங்கம்: பாறை இல்லாத ஊரில் பாறை இயக்கவியல் எதற்கு?

மண்டபத்துக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த, கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். முதலாவது: "எங்களுக்குப் பாறை இயக்கவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. நம் ஊரில் எங்கே தோண்டினாலும் மணலும் தண்ணீரும்தான் வருகின்றன. இந்தப் பாடத்தால் எனக்கு என்ன பயன்?" இரண்டாவது: "தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடலுக்கு அடியில் சுரங்கம் போடலாம் என்று அடிக்கடி பேசுகிறார்களே, அது நடக்கிற காரியமா?"

நானும் அந்தக் கரையில், உச்சிப்புளிப் பக்கம் பிறந்தவன். வேலைக்காலத்தில் பெரும்பகுதியை இமயமலை நீர்மின் திட்டங்களின் சுரங்கங்களுக்குள் கழித்தேன். அதனால் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: தோண்ட முடியும். ஆனால் அங்கே சுரங்கத்தை அச்சுறுத்துவது மேலே இருக்கும் பாரம் என்று நினைத்தால், கணக்கைத் தவறான இடத்தில் தொடங்குகிறீர்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் காட்டத்தான் அந்தப் பாடம் இருக்கிறது.

திடமான ஒரு மலையின் நடுவே வட்டமாக ஒரு குடைவு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுக்கும் வரை அந்த இடத்துப் பாறை தனக்கு மேலிருந்த மலையைச் சுமந்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை. அது சுமந்த பாரம் எங்கே போகும்? பாம்பன் பாலத்தில் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். நீரோட்டம் தூணில் மோதி, இரு பக்கமும் ஒதுங்கி, அங்கே மட்டும் இறுகி வேகமாகப் பாயும். பாறைக்குள் பாரமும் அப்படித்தான் குடைவின் இரு ஓரங்களுக்கும் ஒதுங்கி அங்கே செறிகிறது. எவ்வளவு செறிகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். சுற்றிலும் ஒரே அளவு தகைவு (ஒரு சதுர அளவுப் பரப்பின் மேல் விழும் விசை) இருந்தால், குடைவின் ஓரத்தில் அது இரண்டு மடங்காகும். மேலிருந்து மட்டும் அழுத்தம் என்றால் பக்கச் சுவர்களில் மூன்று மடங்காகும்; கூரையிலோ அழுத்தத்துக்குப் பதிலாக இழுவிசை பிறக்கும். பாறை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவைக்கு அது சட்டென்று பிளந்துவிடும்.

இதில் எண்களைப் போட்டுப் பாருங்கள். பாறை கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 270 கிலோ. ஓரத்தில் இரண்டு மடங்கு, அதாவது 540 கிலோ. நல்ல கருங்கல் 1,500 கிலோவையும் தாங்கும் என்பதால் சுரங்கம் அசையாமல் நிற்கும். கோலார் தங்கவயலுக்குப் போவோம். அங்கே 3.2 கிலோமீட்டர் வரை இறங்கியிருக்கிறார்கள். அந்த ஆழத்தில் தகைவு 864 கிலோ. ஓரத்தில் 1,700-க்கும் மேல். பாறையின் பலமும் அதன்மேல் ஏறும் தகைவும் நேருக்கு நேர் வந்துவிடுகின்றன. அப்போது பாறை மெதுவாக நொறுங்குவதில்லை, வெடிக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அங்கே போய்த் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வெடிப்பின் சத்தம் தெரியும். எத்தனையோ வீடுகளில் அது மரணச் செய்தியாகவே வந்தது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. நாட்டின் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் அந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் அந்த மண்ணில் இருந்தார்கள்.

இராமநாதபுரத்துக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று எண்ண வேண்டாம். பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் நம் வறண்ட சீமைக்குப் பயன்படும் என்ற யோசனையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்துப் பார்த்தவர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அன்று செலவு கட்டுப்படியாகவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பென்னிகுவிக் அணையைக் கட்ட, மலையைக் குடைந்து சுமார் 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் வைகைப் பக்கம் இறங்கியது. அது 1895. கிர்ஷ் தன் சமன்பாட்டை வெளியிடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு! கணக்கு இல்லாமலே அது நின்றது. சுரங்கம் சிறியது, பாறை கடினமானது, ஆழமும் மிதமானது. இந்த மூன்றும் கூடி அமைந்தால் யார் தோண்டினாலும் நிற்கும். மூன்றில் ஒன்று பிசகும் இடத்தில்தான் பாடம் தேவைப்படுகிறது.

கிர்ஷின் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. குடைவு ஒரு முழம் அகலமானாலும் இருபது மீட்டர் அகலமானாலும் அந்த மடங்கு மாறுவதில்லை. அப்படியானால் பெரிய குகையைத் தோண்ட ஏன் பயப்படுகிறோம்? உண்மையான மலை ஒரே கட்டியாக இல்லாததால்தான். அது வெடிப்புகளாலும் படிவங்களாலும் துண்டு துண்டாக வெட்டப்பட்ட கற்களின் குவியல். கற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருப்பதால் மலையாக நிற்கிறது. சிறிய குடைவு இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் தப்பிவிடும். பெரிய குடைவு பத்து வெடிப்புகளை வெட்டும். மூன்று வெடிப்புகள் கூடும் இடத்தில் ஓர் ஆப்பு விடுபட்டுக் கூரையிலிருந்து இறங்கும். சுரங்க வேலையில் நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு கல் கழன்றதால் வந்தவை. பாறையின் பலம் போதாமல் வந்தவை மிகச் சில.

என் முதல் வேலையிடத்தில் ஒரு வயதான மேஸ்திரி இருந்தார். வெடி வைத்துப் புகை அடங்கியதும் நீண்ட கடப்பாரையோடு அவர்தான் முதலில் உள்ளே போவார். கூரையை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே நடப்பார். கணீரென்று ஒலித்தால் அடுத்த அடி. பொத்தென்று கேட்டால் அங்கேயே நின்று, கழன்ற கல்லை நெம்பிக் கீழே தள்ளிவிட்டுத்தான் நகர்வார். சந்தையில் பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். கூரையோடு ஒட்டியிருக்கும் கல் ஒலியை உள்ளே கடத்தும். பின்னால் வெடிப்பு விட்ட கல் ஒலியைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். எத்தனையோ கருவிகள் வந்த பிறகும், புதிதாக வந்த ஒவ்வொரு இளைஞரிடமும் முதலில் கடப்பாரையைக் கொடுத்துத்தான் நான் உள்ளே அழைத்துப் போனேன்.

அந்தக் காதுக்குத் தெரிந்ததை எண்ணாக மாற்ற எடுத்த முயற்சிதான் பாறைத் தர மதிப்பீடு. டீர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-களில் ஓர் எளிய வழி சொன்னார். துளையிட்டு எடுத்த உருளை மாதிரியைப் பெட்டியில் வரிசையாக அடுக்குங்கள். 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, துளையிட்ட நீளத்தால் வகுங்கள். ஒன்றரை மீட்டர் துளையில் 40, 25, 8, 30, 6, 12 என்று துண்டுகள் கிடைத்தால், எட்டையும் ஆறையும் தள்ளிவிட்டு 107. அதாவது 71 விழுக்காடு. பத்து நிமிட வேலை. பின்னர் 1973-இல் தென்னாப்பிரிக்காவில் பியனியாவ்ஸ்கியும், 1974-இல் நார்வேயில் பார்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் இதை விரித்து, வெடிப்புகளின் எண்ணிக்கை, முகங்களின் சொரசொரப்பு, இடையில் உள்ள களிமண், தண்ணீர், தகைவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கினார்கள். அந்த மதிப்பெண்ணைக் கொண்டு எத்தனை போல்ட் (பாறையில் துளையிட்டுச் செலுத்தி இறுக்கும் இரும்புக் கம்பி), எவ்வளவு கனத்தில் தெளிப்புக் கான்கிரீட் என்று முடிவு செய்யலாம்.

பார்ட்டனின் கணக்கு ஒன்றைச் செய்து காட்டுகிறேன், ஏனென்றால் நம் கரைக்கு வருவதற்கு இது படி. மேலே சொன்ன பாறைக்கு 70 என்று வைப்போம். மூன்று வெடிப்புத் தொகுதிகள் இருப்பதால் ஒன்பதால் வகுங்கள்: 7.8. வெடிப்பு முகம் சொரசொரப்பாக, ஆனால் நேராக இருக்கிறது, 1.5, லேசாக மக்கியிருக்கிறது, 2. முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் 0.75-ஆல் பெருக்குங்கள். காய்ந்த பாறையானால் விடை 5.8, "சுமார்" என்ற வகுப்பு. அதே பாறையில், அதே வெடிப்புகளில் மிதமான அழுத்தத்தில் தண்ணீர் வந்தால் 0.66-ஆல் பெருக்க வேண்டும். விடை 3.9; "மோசம்" என்ற வகுப்பு. கல்லில் ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

தோண்டிய குடைவு தாங்கல் இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஆஸ்திரியரான லாஃபர் 1958-இல் வகைப்படுத்தினார். நல்ல பாறை ஆண்டுக்கணக்கில் நிற்கும், கெட்ட பாறை நிமிடக்கணக்கில். அந்த நேரத்துக்குள் பாறையைப் பிடித்துவிட வேண்டும். போல்ட் என்றதும் கூரையைத் தொங்கவிடும் ஆணி என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைத் திட்டத்தில் லாங் என்ற பொறியாளர் ஒரு வாளியில் உடைகல்லை நிரப்பி, சிறு போல்ட்டுகளால் இறுக்கி, வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். கல் கொட்டவில்லை. உதிரிக் கல்லையே ஒரு வளைவாக மாற்றி, தன்னைத் தானே தாங்க வைப்பதுதான் போல்ட்டின் வேலை. சுரங்க வடிவமைப்பின் உயிர்நாடி இதுதான் என்று நான் நம்புகிறேன். நாம் வைக்கும் கான்கிரீட்டும் இரும்பும் துணைக்கு. தாங்க வேண்டியது சுற்றியுள்ள தரையே.

முன்னேறிவிட்டோம், பின்னால் இருப்பது பத்திரம் என்று எண்ணவும் கூடாது. உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12 அன்று இடிந்தது, ஏற்கெனவே தோண்டிக் கடந்துபோன பகுதி. அதற்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்த 41 பேரும் உள்ளே அகப்பட்டார்கள். பெரிய துளைக்கருவி உடைந்து நின்ற பிறகு, கடைசிச் சில மீட்டர்களைக் குழாய்க்குள் ஊர்ந்து போய்க் கையால் தோண்டித்தான் பதினேழாம் நாள் அவர்களை மீட்டார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம்.

இராமநாதபுரம் கடற்கரை காவிரிப் படுகையின் தென்கோடி. கருங்கல் அடித்தளம் மிக ஆழத்தில் கிடக்கிறது. அதன்மேல் யுகக்கணக்காகப் படிந்த மணற்கல், களிக்கல், சுண்ணாம்பு, மணல். வழுதூரில் மின்சாரம் எடுக்கும் எரிவாயு அந்தப் படிவங்களிலிருந்துதான் வருகிறது. மேல்தட்டில் இருப்பது இன்னும் இளையது: சுண்ணாம்பால் ஒட்டிய மணற்கல், செத்த பவளம், தளர்ந்த மணல். நம் மீனவர்கள் கடல் தரையில் பாறை இருக்கும் இடத்தைப் "பார்" என்பார்கள். வலை கிழியும் இடம், மீன் கூடும் இடம் என்று அதைத் துல்லியமாக அறிவார்கள். ஆனால் அந்தப் பார் முகவை மாவட்டத்துக்கு மேற்கே நீங்கள் பார்க்கும் குன்றுகளைப் போன்றதல்ல. வேதாளைக் கரையில் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். ஒரே முழத்துக்குள் சுத்தியல் பட்டால் ஒலிக்கும் பட்டையும், விரலால் நசுக்கினால் உதிரும் பட்டையும் மாறி மாறி வரும். இதில் துளையிட்டால் உதிரும் பட்டையைத் துளைக்கும் தண்ணீரே கரைத்துக் கொண்டுபோய்விடும். பெட்டிக்கு வருவது கெட்டியான துண்டுகள் மட்டும். அதை வைத்துக்கொண்டு டீரின் விழுக்காட்டையும் பார்ட்டனின் மதிப்பெண்ணையும் போடுகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் வெடிப்பு விட்ட கடினப் பாறையில் கிடைத்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. நம் கரையில் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, வராத மாதிரியைத் தேடுங்கள். காணாமல் போன அரை மீட்டரில்தான் உங்கள் சுரங்கத்தின் தலைவிதி இருக்கிறது.

நம் ஊரில் மணலுக்குள் இறங்குவதை யாரிடம் கற்பது? என் தாய்மாமா உறை கிணறு இறக்குகிறவர். கீழடியில் சுடுமண் உறைகள் கிடைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்; மாமாவின் காலத்தில் சிமென்ட் உறை, தொழில் ஒன்றுதான். உறையைத் தரையில் வைத்து, உள்ளே உட்கார்ந்து மண்ணை அள்ளுவார். விளிம்புக்கு அடியில் சுற்றிலும் சமமாகச் சுரண்டிக்கொண்டே வந்தால் உறை தன் எடையால் இறங்கும். ஒரு பக்கம் அதிகமாகச் சுரண்டிவிட்டால் சாயும்; சாய்ந்த உறையை நிமிர்த்துவது பெரும்பாடு. தண்ணீர் மட்டம் வந்த பிறகு அவர் ஒரு விதியை மீறவே மாட்டார்: கிணற்றுத் தண்ணீரை வற்ற வைக்கக் கூடாது. இடுப்பளவு தண்ணீரிலேயே நின்று, மண்ணை மட்டும் கூடையில் அள்ளி மேலே அனுப்புவார்.

ஒரு வீட்டுக்காரர் அவசரப்பட்டு டீசல் மோட்டார் வைத்து இறைத்தார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றி மணல் தெரிந்த சில நிமிடங்களில் அடித்தரை கொதிக்கத் தொடங்கியது. உலையில் அரிசி புரள்வதைப் போல மணல் புரண்டு மேலே வந்தது. மாமா ஏணியில் பாய்ந்து ஏறினார். ஒரு ஆள் உயரத்துக்கு மணல் உள்ளே வந்து நின்றது. வெளியே நான்கு அடி தள்ளியிருந்த திண்ணைச் சுவர் வாய் பிளந்தது. மணல் எங்கிருந்து வந்ததோ அங்கே வெற்றிடம்.

அதன் காரணத்தைக் கல்லூரியில்தான் படித்தேன். மணலின் பலம் முழுவதும் மணிக்கு மணி அழுந்தும் உராய்வில் இருக்கிறது. வெளியே நீர்மட்டம் உயர்ந்தும் உள்ளே தாழ்ந்தும் இருந்தால் தண்ணீர் கீழிருந்து மேலே பாயும். அந்தப் பாய்ச்சலின் விசை மணலின் மூழ்கிய எடைக்குச் சமமான கணத்தில் மணிகள் ஒன்றையொன்று விட்டுவிடும். அதற்குப் பிறகு அது மணலாக இருப்பதில்லை, கனத்த திரவம். மாமா இடுப்பளவு தண்ணீரை விட்டுவைத்தது அந்தப் பாய்ச்சலை அடக்கத்தான். கடலடி மணலில் ஓடும் நவீனத் துளை இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. அதன் முகப்பு மூடிய அறை. உள்ளே சேற்றுக் குழம்பை, வெளியே உள்ள நீரழுத்தத்துக்குச் சற்றே அதிகமான அழுத்தத்தில் நிரப்பி வைத்து, மண்ணை மட்டும் வெளியே எடுக்கும். பின்னால் வளையம் வளையமாகக் கான்கிரீட் துண்டுகளைப் பொருத்திக்கொண்டே போகும். படுத்திருக்கும் உறை கிணறு என்று அதைச் சொன்னால் மாமாவுக்கு உடனே விளங்கியிருக்கும்.

இப்போது தனுஷ்கோடிக்குக் கணக்கு. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். கடல் மிக ஆழமற்றது. தீடைகள் என்று நாம் சொல்லும் மணல் திட்டுகளின் பக்கத்தில் இடுப்பளவு நீர்தான். சுரங்கத்தைக் கடல் மட்டத்துக்கு 40 மீட்டர் கீழே, 10 மீட்டர் விட்டத்தில் வைப்போம். நீரழுத்தம் சதுர மீட்டருக்கு 40 டன். பயமாக இருக்கிறதா? அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, 40 சென்டிமீட்டர் கனமுள்ள வளையத்துக்குப் பங்கிட்டால் கான்கிரீட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ. சாதாரண நல்ல கான்கிரீட் அதைப் போல ஐந்து மடங்கு தாங்கும். வட்ட வளையத்துக்குச் சுற்றிலும் வரும் அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. கவலைப்பட வேண்டியது துண்டுகளுக்கு இடையிலுள்ள ரப்பர் இணைப்பைப் பற்றித்தான்.

அடுத்த கணக்கு பலரை வியக்க வைக்கும். அந்தச் சுரங்கம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 78 டன் நீரை விலக்குகிறது. வளையத்தின் சொந்த எடையோ சுமார் 30 டன். ஆக, மீட்டருக்கு 48 டன் விசையோடு சுரங்கம் மேலே எழும்பப் பார்க்கும். அமுங்கிப்போகும் என்று நாம் பயப்படுவது மிதக்கப் பார்க்கிறது! தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் புதிதாகக் கட்டிய காலித் தண்ணீர்த் தொட்டி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறியபோது ஒரே இரவில் ஒரு முழம் தரைக்கு மேலே கிளம்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதே விசைதான். மூழ்கிய மணல் கன மீட்டருக்குச் சுமார் ஒரு டன் என்பதால், சுரங்கத்தின் தலைக்கு மேல் 5 மீட்டர் மணல் இருந்தால் சமன் ஆகும். பாதுகாப்புக்கு அதைப் போல இரண்டு மடங்காவது வேண்டும்.

ஆனால் அங்கே எந்த மணல் நிலையாக நிற்கிறது? தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒரு பக்கமும் வடகிழக்குப் பருவத்தில் மறுபக்கமும் தீடைகள் நகரும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஓர் ஊரையே எடுத்துக்கொண்டு போனது. ரயிலும் அதில் வந்தவர்களும் போனார்கள். அந்தக் கடலில் இன்றைக்கு ஆழமானியில் அளந்த தரைமட்டத்தை வரைபடத்தில் போட்டு "இத்தனை மீட்டர் மூடல் இருக்கிறது" என்று எழுதுவது பொறுப்பில்லாத செயல். நூறாண்டில் வரக்கூடிய மிக மோசமான அரிப்புக்குப் பிறகு மிஞ்சும் மணலைத்தான் மூடலாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அது சுரங்கத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். கடல் தரையில் பள்ளம் வெட்டிப் பெரிய குழாய்த் துண்டுகளைப் பதிக்கும் முறையும் உலகில் உண்டு. ஆனால் மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பள்ளம் வெட்டிக் கலக்கும் சேறு பவளத்தின் மேல் படியும். அந்த வழியை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆழம் போனால் எந்தப் படிவத்தில் போவது? இதற்கு உலகின் இரண்டு பெரிய கடலடிச் சுரங்கங்களைப் பாருங்கள். ஜப்பானின் செய்கான் சுரங்கம் 53.85 கிலோமீட்டர். எரிமலைப் பாறையும் முறிந்த பட்டைகளும் நிறைந்த தரை. நான்கு முறை கடல்நீர் உள்ளே பாய்ந்தது; 34 தொழிலாளர்கள் இறந்தார்கள். முன்னால் துளை போட்டுப் பார்த்து, சிமென்ட் குழம்பை அழுத்திப் பாறையின் வெடிப்புகளை அடைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் தோண்டுவது என்று அங்குலம் அங்குலமாக முன்னேறி 1988-இல்தான் ரயில் விட்டார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் உள்ளது 50 கிலோமீட்டர். 1988 வாக்கில் தோண்டத் தொடங்கி 1994-இல் திறந்துவிட்டார்கள். காரணம், களிமண் கலந்த ஒரு சுண்ணக்கல் படிவம். கருங்கல்லோடு ஒப்பிட்டால் அது வெறும் மென்கல். ஆனால் நீரை விடாது. சுரங்கத்தின் பாதையை நேர்கோடாகப் போடாமல், அந்தப் படிவம் மேலேறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, அதற்குள்ளேயே செலுத்தினார்கள்.

ஆகவே தனுஷ்கோடியில் நான் தேடச் சொல்வது கடினமான பாறையை இல்லை. நீர் கசியாத, இடையறாத, சுரங்கம் முழுதும் உள்ளே அடங்கும் கனமுள்ள ஒரு களிப் படிவத்தை. அப்படி ஒன்று கரையிலிருந்து கரைக்கு ஓடுமானால் வேலை பாதி முடிந்தது. கிடைக்காவிட்டால், ஒரே முகப்பில் பாதி தளர்ந்த மணலும் பாதி கெட்டி மணற்கல்லும் வரும். இயந்திரம் மென்மையான பக்கம் இழுபடும். வெட்டுப் பற்கள் கல்லின் விளிம்பில் மோதி உடையும். அவற்றை மாற்ற மனிதர்கள் வெளிக்காற்றைப் போலச் சுமார் ஐந்து மடங்கு அழுத்தத்துக்குள் போக வேண்டும். சென்னை மெட்ரோவின் சுரங்கங்களும் மணல், களி, பாறை கலந்த தரையில்தான் போயிருக்கின்றன. நிலத்துக்கு அடியில் சிக்கினால் மேலே தெருவிலிருந்து ஒரு குழி தோண்டி இயந்திரத்தை எட்டலாம். பாக் நீரிணையின் நடுவே அந்த வசதி இல்லை.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைக் கடற்காற்று தின்றதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். சுரங்கத்தில் அரிக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. வெளிப்புறம் கடல்நீரும் உட்புறம் காற்றும் உள்ள கான்கிரீட் துண்டில், உப்பு மெல்ல ஊடுருவிக் கம்பியை அடையும். அதனால் இங்கே கான்கிரீட்டின் அடர்த்தியும் கம்பியின் மேலுள்ள மூடலும்தான் சுரங்கத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். அதன் நொறுங்கு பலம் போதுமானதாக எப்படியும் இருக்கும். சாதாரண ராக் போல்ட்டை நம்பி இங்கே எதையும் நிரந்தரமாகத் தொங்கவிடக் கூடாது.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இதற்குள்ளேயே பதில் இருக்கும். பாடத்தில் தகைவு, வெடிப்பு, நீர் என்று மூன்று வரும்போது தேர்வுக்காக முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு மூன்றாவதை விடுகிறவர்கள் அதிகம். நீங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். கோடையில் உங்கள் பக்கத்தில் யாராவது உறை இறக்கினால் இரண்டு நாள் கூட இருங்கள். எத்தனையாவது உறையில் தண்ணீர் வந்தது, மணலின் நிறம் எங்கே மாறியது, எந்த ஆழத்தில் கடப்பாரை ஒலித்தது, தண்ணீர் எந்த மட்டத்தில் உவர்த்தது என்று நோட்டில் குறியுங்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது; மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் இருந்தால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் என்பது கணக்கு. சுரங்கத்துக்காக நீரை இறைத்தால் முதலில் கெடுவது அந்த மிதக்கும் நீர்தான். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் குடத்தோடு நிற்கும் பெண்கள்தான் அதை முதலில் அறிவார்கள்.

என்றாவது ஒருநாள் அந்தக் கடலில் ஆய்வுத் துளை போட மிதவை வந்து நிற்குமானால், நீங்கள் அந்தக் குழுவில் இருப்பீர்களானால், மாதிரிப் பெட்டிகளைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: எடுத்து முடித்த துளைகளை அடி முதல் தலை வரை சிமென்ட் குழம்பால் அடைத்தீர்களா, எங்கே அதன் பதிவேடு? அடைக்காமல் விட்ட ஒவ்வொரு துளையும் கடலிலிருந்து சுரங்கத்தின் கூரைக்கு நேராக இறங்கும் ஒரு குழாய். பத்து ஆண்டு கழித்து இயந்திரம் அதற்கு அடியில் வரும்போது, துளை போட்டவர்கள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.